பந்து இருக்கிற ஒரே படம்

போன வாரம் அரக்கோணம் போகிற ரயிலில் எனக்கு எதிரே ஒரு பெண் உட்கார்ந்து, பெரிய தோல் கையுறை ஒன்றுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பதினைந்து பதினாறு வயதிருக்கும். காலடியில் பேட் வைத்த நீளப் பை. பேஸ்பால் ஆடுகிறவள் என்று பார்த்ததுமே தெரிந்தது. தோலும் எண்ணெயும் மைதானத்து மண்ணும் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், அது மூக்கில் ஏறியதும் நான் எந்த வேலையாகப் போய்க்கொண்டிருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

"இன்னும் தேங்கா எண்ணெதான் போடுறீங்களா?" என்று கேட்டேன்.

"ஆங், மிஸ் சொல்லிக்கீறாங்க. இல்லாங்காட்டி வெறைச்சுக்கும். உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

எப்படித் தெரியும் என்று முழுசாகச் சொல்ல, திருத்தணிக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் இருக்கிற நேரம் போதாது. உங்களிடம் சொல்லலாம், நீங்கள் எங்கேயும் இறங்கவேண்டியதில்லையே.

சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில் இருந்த ஒரு ஸ்டுடியோவில்தான் எனக்கு முதல் வேலை. நான் பள்ளிப்பட்டுக்காரி. வீட்டில் இரண்டு தறி, இரண்டிலும் கால் வைத்துப் பழகியவள். கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்த அக்காவின் வீட்டில் தங்கி, தினம் ஸ்டுடியோவுக்கு நடந்து போவேன். முதலாளி முனிரத்தினம் அண்ணன். கவரில் பெயர் எழுதுவது, பாஸ்போர்ட் படங்களை வெட்டுவது, உள்ளே நாற்காலியில் உட்கார்ந்த பெண்களையும் குழந்தைகளையும் படம் எடுப்பது, இவ்வளவும் என் பொறுப்பு. "ரெடி, இங்க பாருங்க, சிரிங்க." இதை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அக்கா சாப்பாட்டுத் தட்டை நீட்டினால்கூட "ரெடி" என்றுதான் வாயில் வரும். அக்காவின் புருஷன், பாவா, விழுந்து விழுந்து சிரிப்பார்.

வெளியே போய் எடுப்பதெல்லாம் அண்ணன் வேலை. மலைக்கு அவர்தான் போவார். மொட்டைக்கு முன்னால் ஒன்று, மொட்டை அடிக்கும்போது நாலு, சந்தனம் பூசியபிறகு குடும்பத்தோடு மிச்சம். அவருக்கு ஒரே சட்டம்தான். மூஞ்சி நேராக இருக்கவேண்டும், கண் திறந்திருக்கவேண்டும். எனக்கோ ஆடிக் கிருத்திகை அன்று கேமராவோடு மலைமேல் நிற்கவேண்டும் என்று ஆசை. பூக்காவடி வரிசை வரிசையாக ஏறி வரும்போது, ஆடுகிற ஆட்டத்திலேயே எடுக்கவேண்டும். தூக்கத்தில்கூட அதே நினைப்பு. ஒரு நாள் தைரியமாகக் கேட்டும் விட்டேன்.

"நீ இன்னாமா எடுப்ப?" என்றார் அண்ணன். "ஆடிக்கினு கீறவன நிக்கவெச்சி ரெடின்னு சொல்லுவியா?"

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பதால் பாஸ்போர்ட் படம் வெட்டப் போய்விட்டேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரோல் என்றால் என்ன என்று விளக்கவேண்டியிருக்கிறது. ஒரு ரோலில் முப்பத்தாறு படம். ஒரு குடும்பத்துக்கு முப்பது, முப்பத்திரண்டு எடுத்தபிறகு மூன்று நாலு மிஞ்சும். அந்த மிச்சம்தான் எங்கள் ஸ்டுடியோவில் பழகிக்கொள்கிறவர்களின் பள்ளிக்கூடம். அண்ணனும் அப்படித்தான் கற்றுக்கொண்டாராம். மிச்சத்தில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், நாயை எடு, பேருந்தை எடு, கேட்பாரில்லை. நான் ஒரு மாதம் பொய்கைப் படியில் உட்கார்ந்த காக்கைகளை எடுத்தேன். எந்தக் காக்கையும் இங்கே பார்க்கவில்லை.

அப்போதுதான் பெண்கள் பள்ளியின் பி.டி. மிஸ் ஸ்டுடியோவுக்கு வந்தார். கஸ்தூரி மிஸ். குட்டையாக, கழுத்தில் விசிலோடு, நடந்தால் சாலையே ஒதுங்கும். பேஸ்பால் டீமை குரூப் போட்டோ எடுக்கவேண்டும், பள்ளிக்கு வாருங்கள் என்றார். பெண்கள் பள்ளி என்பதால் அண்ணன் என்னை அனுப்பினார். பேஸ்பால் என்ற வார்த்தையையே அன்றுதான் கேட்டேன். ஊரில் யாருக்கும் அது கணக்கிலேயே இல்லை. மைதானத்தின் நல்ல பாதி கிரிக்கெட் பையன்களுக்கு, முள்செடிப் பக்கம் இந்தப் பெண்களுக்கு. மண் நிரப்பிய சாக்கு மூன்று, சுண்ணாம்பு அடித்த பலகை ஒன்று. பலகை பக்கம் நின்று பந்தை அடித்துவிட்டு, மூன்று சாக்கையும் தொட்டு ஓடி, திரும்பப் பலகைக்கு வந்தால் ஒரு ரன், அதற்கு முன்னால் எதிரணி பந்தைப் பிடித்துக் கையுறையால் தொட்டுவிட்டால் அவுட். பலகைக்கு அந்தப் பெண்கள் வைத்திருந்த பெயர் ஊடு. "ஊட்டுக்கு வாடி, ஊட்டுக்கு வா!" என்று அவர்கள் கத்துகிற கத்தல் மலைமேல் முருகனுக்கே கேட்டிருக்கும்.

குரூப் போட்டோ எடுத்தாயிற்று. மூஞ்சி நேராக, கண் திறந்து. ரோலில் மூன்று மிச்சம் இருந்தது. ஆட்டத்தை எடுத்துப் பார்க்கலாம் என்று ஆசை வந்தது, எடுத்தேன். பிரிண்ட் வந்தபோது அண்ணன் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஒருத்தி பேட்டைச் சுழற்றி நிற்கிறாள், நாலு பேர் வானத்தைப் பார்க்கிறார்கள், ஒருத்தி கையை விரித்து ஓடுகிறாள்.

"இன்னாமா இது, கோலாட்டமா? பந்து எங்க?"

உண்மைதான், பந்தே இல்லை. மூன்றிலும் இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக ரோஷம் வந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே சொன்னார். "பந்து இருக்கிற ஒரே ஒரு படம் கொண்டா. இந்த ஆடிக் கிருத்திகைக்கு மலை உன்னுது."

விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து மிச்சம் எல்லாம் மைதானத்துக்குத்தான். சாயங்காலம் கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு ஓடுவேன். பந்து தெரிந்ததும் அழுத்துவேன். படத்தில் இருக்காது. இன்னும் சீக்கிரம் அழுத்துவேன், அப்போதும் இருக்காது. பந்தை விரட்டி விரட்டிக் கேமராவைத் திருப்பினால் பள்ளிச் சுவர் கோடுகோடாக விழும். அண்ணனுக்கு ஒவ்வொரு பிரிண்டிலும் கேட்பதற்கு ஒரே கேள்வி, பந்து எங்க. பிறகு பக்கத்து டீக்கடைக்காரரும் கேட்க ஆரம்பித்தார். வீட்டில் பாவாவும்.

இந்தப் பெண்களில் ஒருத்தி புஜ்ஜி. முழுப்பெயர் புவனேஸ்வரி, அதை அட்டெண்டன்ஸில் மட்டும் கூப்பிடுவார்கள். கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலிக்கு நடவும் அறுப்பும். ஒல்லிக்குச்சி, ஆனால் ஓடினால் கண்ணுக்குக் கால் தெரியாது. அவளுக்கு என்மேல் ஒரு பாசம். எண்ணெய் தடவிய கையுறையை என் மூக்கருகே நீட்டி, "மோந்து பாருக்கா, முறுக்கு சுடுற மாதிரி கீது இல்ல?" என்பாள்.

அரக்கோணத்துப் பள்ளி டீமோடு ஒரு ஆட்டம் வந்தது. எங்கள் மைதானத்திலேயே முதலில் ஒன்று, பிறகு முடிவாக இன்னொன்று, அந்த முடிவான ஆட்டத்தில் ஜெயிப்பவர்கள் மண்டலப் போட்டிக்குப் போவார்கள். முதல் ஆட்டத்தில் நான் பலகைக்குப் பின்னாலேயே மண்டிபோட்டு இடம் பிடித்திருந்தேன். கடைசி வாய்ப்பு, புஜ்ஜி மூன்றாவது சாக்கிலிருந்து பலகையை நோக்கி வருகிறாள், நேராக என் கேமராவைப் பார்த்து. இதற்குமேல் என்ன வேண்டும்? ஃபோகஸ் பண்ணினேன். கை தயாராக இருந்தது. வாயும் தயாராக இருந்தது.

"ரெடி! இங்க பாரு!"

சத்தியமாக நான் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. புஜ்ஜியும் பார்க்கவேண்டும் என்று பார்க்கவில்லை. போட்டோ என்றால் நின்று சிரிக்கவேண்டும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மொட்டை அடிக்கும்போதே சொல்லிக்கொடுத்துவிடுகிறோமே. பலகைக்கு இரண்டடி முன்னால் நின்றாள். தாவணி போட்டிருந்தால் இழுத்துச் செருகியிருப்பாள். அழகாகச் சிரித்தாள். பின்னாலிருந்து வந்த பந்தைப் பிடித்து அரக்கோணத்துப் பெண் நிதானமாக அவள் தோளில் கையுறையை வைத்தாள். அவுட். ஒரு ரன்னில் ஆட்டம் போயிற்று.

கஸ்தூரி மிஸ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "கேமராவ எட்துகினு வெளிய போம்மா" என்று மட்டும் சொன்னார். அதைவிடக் கொடுமை அடுத்த நாள். பிரிண்டைப் பார்த்த அண்ணன், "மூஞ்சி நல்லா வந்துகீது, கண்ணுகூட தொறந்துகீது" என்று பாராட்டினார். நான் படம் எடுக்கிற உள் அறைக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். மலை போனதற்காக இல்லை. பள்ளியில் புஜ்ஜியை எல்லோரும் சிரிப்பி என்று கூப்பிடுவதாகக் கேள்விப்பட்டேன், அதற்காக.

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிப்பட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு இடுப்புவலி, நீ கொஞ்சம் ஓட்டு என்று தறியில் உட்காரவைத்தாள். கைத்தறியில் நூலைச் சுமந்துகொண்டு குறுக்கே ஓடுவது நாடா. மேலே தொங்குகிற கயிற்றை இழுத்தால் இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஓடும், திரும்ப இழுத்தால் இங்கே வரும். எரிச்சலோடு இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு முழம் ஓடியபிறகுதான் ஒன்று உறைத்தது. ஓடுகிற நாடாவை நான் என் வாழ்நாளில் பார்த்ததே இல்லை. யாராலும் பார்க்கமுடியாது. பெட்டிக்குப் போய்ச் சேர்கிற இடத்தில்தான் அது கண்ணுக்குத் தெரியும். அது எப்போது போய்ச் சேரும் என்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரியும், காதுக்குத் தெரியும். கயிற்றை இழுக்கிற கை எப்போதும் முந்திதான் இழுக்கிறது.

நான் இத்தனை நாள் நடுவழியில் பந்தைத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன். பந்து போய்ச் சேர்கிற இடத்தில் காத்திருந்து, வருவதற்கு முன்னாலேயே, கயிற்றை இழுக்கிற மாதிரி, பட்டனை அழுத்தவேண்டும், அவ்வளவுதான். தறியை விட்டு எழுந்து குதித்தேன். இடுப்புவலி எனக்கும் ஒட்டிக்கொண்டதோ என்று அம்மா பயந்துவிட்டாள்.

திங்கட்கிழமை கஸ்தூரி மிஸ் முன்னால் போய் நின்றேன். முடிவான ஆட்டத்துக்கு என்னை உள்ளே விடுங்கள் என்று கெஞ்சினேன். மிஸ் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. புஜ்ஜிதான் பேசினாள்.

"வரட்டும் மிஸ். இந்த தபா நான் அவங்கள பாக்க மாட்டேன். அவங்க என்ன பாக்கட்டும்."

"அவ வாய் சும்மா இருக்காதே" என்றார் மிஸ்.

"அதுக்கு நான் வழி வெச்சிக்கீறேன்" என்றாள் புஜ்ஜி. ஆட்டத்தன்று என் கையில் அவள் வைத்தது இரண்டு கமர்கட்டு. கன்னத்துக்கு ஒன்றாக அடக்கிக்கொள்ளவேண்டும். கடிக்கக் கூடாது. உங்களில் யாராவது இரண்டு கமர்கட்டை வாயில் வைத்துக்கொண்டு "ரெடி" என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? வராது.

கேமராவில் இருந்தது சித்தூர் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் ரோல். காலையில் குழந்தைக்கு மொட்டை போட்டு முப்பத்திரண்டு எடுத்துக்கொண்டு, கிருத்திகைக்கு வரும்போது படத்தை வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிப் போயிருந்தார்கள். மிச்சம் நாலு. மூன்றை ஆட்டத்தின் நடுவில் செலவழித்தேன். எதிலும் நம்பிக்கையில்லை, கை இன்னும் பழகவில்லை. கடைசி வாய்ப்பில் ரன் சமமாக நிற்கிறது. மூன்றாவது சாக்கில் புஜ்ஜி. கேமராவில் ஒன்று. இந்த முறை பலகைக்குப் பக்கவாட்டில் இருந்தேன். பலகையை மட்டும் பார்த்து ஃபோகஸை வைத்துவிட்டு, இனி எதையும் துரத்துவதில்லை என்று சொல்லிக்கொண்டேன். கமர்கட்டுச் சாறு தொண்டையில் இறங்குகிறது.

பேட்டில் பந்து பட்ட சத்தம் கேட்டது. புஜ்ஜியின் கால் சத்தம் கேட்டது. தூரத்திலிருந்து ஒருத்தி பந்தை எடுத்து வீசினாள், அதைக் கண் ஓரத்தில்தான் பார்த்தேன். ஊட்டுக்கு வாடி, ஊட்டுக்கு வாடி என்று மைதானமே கத்துகிறது. புஜ்ஜி ஓடிவந்து அப்படியே கையை நீட்டி மண்ணில் பாய்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை, புழுதி. ஆனால் என் கை அதற்கு முன்னாலேயே இழுத்திருந்தது.

அவுட் இல்லை என்று அம்பயர் இரண்டு கையையும் விரித்தார். சேஃப். எங்கள் பெண்கள் புஜ்ஜிமேல் போய் விழுந்தார்கள். அரக்கோணத்துப் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை, பந்து முதலில் வந்தது, அம்பயர் உங்க ஊர்க்காரர், அவுட்டைச் சேஃபாக்கிவிட்டார் என்று சண்டை. அவர்களுடைய மிஸ் முகம் சிவந்து டீமைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஜெயித்தது ஜெயித்ததுதான், ஆனால் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்த புஜ்ஜியின் முகத்தில் பாதிச் சந்தோஷம்தான் இருந்தது. "நான் முந்தி தொட்டேங்கா. சத்தியமா தொட்டேன். யாரும் நம்ப மாட்டாங்க." என்னால் பதில் சொல்லமுடியவில்லை. வாயில் கமர்கட்டு.

மறுநாள் ரோலை எடுத்துக்கொண்டு நானே அரக்கோணத்துக்குப் போனேன். கலர் லேப் அங்கேதான் இருந்தது. மருந்து நெடி வீசும் அந்தக் குறுகலான கடையில் மத்தியானம் வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். லேப்காரர் ஈரம் காய்ந்த நெகட்டிவை நீட்டினார். வாசலுக்கு வந்து வெயிலில் தூக்கிப் பிடித்தேன். மொட்டை, மொட்டை, மொட்டை, தாத்தா, மொட்டை. முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு, முப்பத்தைந்து, பந்து இல்லை. முப்பத்தாறாவதில் பலகைமேல் ஒரு கை. பலகைக்குமேலே விரித்த கையுறை. கையுறைக்கு இன்னும் வந்து சேராமல் தள்ளி, நெகட்டிவ் என்பதால் கறுப்பாக, கடுகளவுக்கு ஒரு புள்ளி.

கத்திவிட்டேன். சாலையில் போன சைக்கிள்காரர் இறங்கிவிட்டார். லேப்காரர் யாராவது செத்துப்போனார்களா என்று ஓடிவந்தார். "பந்து கீதுங்க! பந்து கீது!" என்று அவரையும் சைக்கிள்காரரையும் பார்க்கவைத்தேன். இன்றுவரை அதைப்போல ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை, இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அண்ணன் பூதக்கண்ணாடி வைத்துப் பிரிண்டை நெடுநேரம் பார்த்தார். புஜ்ஜியின் முகம் நேராக இல்லை, பாதி மண்ணில் இருந்தது, கண் இறுக்கி மூடியிருந்தது. அவருடைய சட்டப்படி அது போட்டோவே இல்லை. "பந்து இருக்குது" என்றார் கடைசியில். பிறகு உள்ளே போய், ஷோகேஸில் பல வருஷமாக இருந்த ஒரு கல்யாண ஜோடியைக் கழற்றினார். அந்த இடத்தில் பெரிதாக்கிய புஜ்ஜி போய் உட்கார்ந்தாள்.

இரண்டு நாளில் ஊரே வந்து பார்த்தது. கிரிக்கெட் பையன்கள் வந்தார்கள். டீக்கடைக்காரர் கண்ணாடியில் விரலை வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் பந்தைக் காட்டினார். புஜ்ஜியின் அப்பா வயலிலிருந்து நேராக வந்து பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு இன்னாத்துக்கு மண்ணுல உழுந்துகினு கீது?" என்று கவலைப்பட்டார், பிறகு சாலையோடு போன இரண்டு பேரைக் கூப்பிட்டு, "எம் பொண்ணு" என்றார். நாலாம் நாள் அரக்கோணத்து மிஸ்ஸே வந்தார். கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். ஸ்டுடியோவுக்குள்ளிருந்து நானும் புஜ்ஜியும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். நிமிர்ந்தவர் உள்ளே வந்து, "சேஃப்தாம்மா" என்று புஜ்ஜியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குப் பிறகு அவளை யாரும் சிரிப்பி என்று கூப்பிடவில்லை. அன்றைக்குத்தான் அவள் நிஜமாகவே சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆடிக் கிருத்திகை அன்று நான் மலையில் நின்றேன். அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை, தன்னுடைய நல்ல கேமராவையே என் கழுத்தில் மாட்டிவிட்டார். பூக்காவடிகள் வந்துகொண்டே இருந்தன. சுழல்கிற காவடி எந்த இடத்தில் ஒரு நொடி நிற்கும் என்பது என் கைக்குத் தெரிந்திருந்தது. வாயில் இரண்டு கமர்கட்டு.

இப்போது அந்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். அரக்கோணத்து லேப் எங்கே இருந்தது என்று தேடினாலும் தெரியாது. முள்செடிப் பக்கம் கட்டடம் வந்துவிட்டது. அண்ணனும் இல்லை. ஷோகேஸில் இருந்த பெரிய படம் மேற்கு வெயில் பட்டுப் பட்டு வெளுத்துக்கொண்டே வந்தது, முதலில் காணாமல் போனது பந்துதான். அண்ணன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த சின்னப் பிரிண்டும் கடை மூடியபோது எங்கேயோ போய்விட்டது. புஜ்ஜி ஒரு பள்ளியில் பி.டி. மிஸ்ஸாக இருக்கிறாள். போன பொங்கலுக்குப் போனில் கூப்பிட்டு, "அக்கா, அந்த போட்டோ கீதா? எம் பொண்ணு நம்ப மாட்டேன்றா" என்றாள். இன்னொரு பிரிண்ட் போட்டுக் கொடுக்க நெகட்டிவ் வேண்டும். நெகட்டிவைத் தொலைத்தது நானேதான். அன்றைய கிருத்திகைக் காலையில் மலைக்குப் போகிற அவசரத்தில், சித்தூர்க் குடும்பம் வந்து நின்றதும், கவரைத் திறந்துகூடப் பார்க்காமல் முழு ரோலையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஆறு ஆறாக வெட்டிய துண்டுகளில் கடைசித் துண்டு அது. இரண்டு மொட்டை, மிச்சம் நாலும் என்னுடையவை. ஊர்ப் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு காலத்தில் நானும் இந்த ஆட்டத்தைப் படம் எடுத்தவள் என்று சொன்னதும், ரயிலில் அந்தப் பெண் தன் போனைக் காட்டினாள். அவள் பேட் வீசுகிற ஒரே வீச்சுக்கு நாற்பது படம், எல்லாவற்றிலும் பந்து இருந்தது. "உங்ககிட்ட எத்தினி கீதுக்கா?" என்றாள். ஒன்றுகூட இல்லை என்று சொன்னேன். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஏனென்றால் சித்தூர் பக்கம் எங்கேயோ ஒரு வீட்டு அலமாரியில் அது இருக்கிறது. அந்த மொட்டைக் குழந்தை வளர்ந்து பெரிய ஆளாகியிருக்கும். என்றாவது அலமாரியை ஒழிக்கும்போது அந்தத் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார்கள். சந்தனத் தலைக்குப் பக்கத்தில் மண்ணில் பாய்ந்து கிடக்கிற இந்தப் பெண் யார், நம் வீட்டு மொட்டையில் இவள் எங்கே வந்தாள் என்று தெலுங்கில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். பந்து எங்கே என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.